படிகாரம் ஏன் ரவை ரவையாகப் படிகிறது? படிகம் வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

செவ்வந்தி (மதுரை)

வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் கண்காட்சிக்குப் படிகம் வளர்த்துக் காட்ட ஆசைப்படுகிறாள். நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ படிகாரம் வாங்கி, இடித்து, கொதிக்கிற தண்ணீரில் கரைகிற மட்டும் போட்டோம். பருத்தி நூல் ஒன்றைத் தொங்கவிட்டு, சீக்கிரம் ஆகட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தோம். காலையில் பார்த்தால் பாட்டிலின் அடியில் ரவையைக் கொட்டியது போல ஒரு விரற்கடை உயரத்துக்குப் பொடி. நூலிலும் வெள்ளையாகப் பொருபொருவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டு தடவை செய்தோம், இரண்டு தடவையும் இப்படித்தான். ஒரே கல்லாக, கண்ணாடி மாதிரி தெளிவாக வர என்ன செய்ய வேண்டும்? கண்காட்சிக்கு இன்னும் 24 நாள் இருக்கிறது.

இன்னொன்று. மாமா ஸ்படிக மாலை போட்டிருக்கிறார். அது அசலா கண்ணாடியா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? பிள்ளை அதையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நுண்நோக்கி

படிகாரத்தில் குறை இல்லை அக்கா, ஃப்ரிட்ஜால் வந்த வினை இது.

100 மில்லி தண்ணீரில் 50 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 37 கிராம் படிகாரம் கரையும். 20 டிகிரியில் 14 கிராம்தான் கரையும். ஆக, ஆறும்போது 23 கிராம் வெளியே வந்தே தீர வேண்டும். அது எத்தனை கல்லாக வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கரைசலுக்குள் துகள்கள் எந்நேரமும் ஒன்றோடொன்று மோதி ஒட்டுகின்றன, பிரிகின்றன. பத்து இருபது துகள் கூடினால் அதில் பெரும்பாலானவை விளிம்பில்தான் நிற்கும். விளிம்பில் நிற்பதற்கு ஒரு பக்கம்தான் துணை, மறுபக்கம் தண்ணீர் இழுக்கும். அதனால் கூடிய வேகத்தில் கலைந்துவிடும். தப்பித்தவறி ஒரு கூட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால், உள்ளே இருப்பவை அதிகமாகிவிடும், அப்புறம் அது கலையாது. அதைத்தான் கரு என்கிறோம். நீங்கள் சட்டென்று குளிரவைத்ததில் கரைசல் தாங்க முடியாத அளவுக்குச் செறிந்துவிட்டது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் கருக்கள். இருக்கிற 23 கிராமை அத்தனையும் பங்கு போட்டுக்கொண்டதால் உங்களுக்குக் கிடைத்தது ரவை.

கரைசல் இலேசாகச் செறிந்திருந்தால் இன்னொன்று நடக்கும். புதிதாகக் கரு உண்டாக அந்தச் செறிவு போதாது, ஆனால் ஏற்கெனவே இருக்கும் கல் வளரப் போதும். அந்த இடைவெளிக்குள்தான் நீங்கள் நிற்க வேண்டும். செய்முறை இது. கொஞ்சம் கரைசலைத் தட்டில் ஊற்றி, தாள் மூடி இரண்டு நாள் விட்டால் சிறு சிறு கற்கள் வரும். அவற்றில் குறையில்லாத ஒன்றை, பச்சரிசி அளவு இருந்தால் போதும், எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் விதைக்கல். அடியில் இன்னும் படிகாரம் கரையாமல் கிடக்கும்படி ஒரு பாட்டில் கரைசலை ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டில் வைத்து, வடிகட்டிய தெளிவில் விதைக்கல்லைத் தொங்கவிடுங்கள். பருத்தி நூல் வேண்டாம், அதன் பஞ்சு இழை ஒவ்வொன்றும் கரு பிடிக்கும் இடம். தூண்டில் நரம்பு நல்லது. பாட்டில் வாயில் காகிதம் கட்டிவிட்டு, தொடாமல் விடுங்கள்.

பாத்திக்காரர் (தூத்துக்குடி)

நுண்நோக்கி சொல்வது சரி. நாங்கள் இதையே பல ஏக்கரில் செய்கிறோம், நெருப்பு மட்டும் கிடையாது, வெயிலும் காற்றும்தான்.

கடல் தண்ணீர் பாகைமானியில் 3, 3½ டிகிரி காட்டும். இது சூட்டின் டிகிரி இல்லை, பியூமே கணக்கு, தண்ணீரின் அடர்த்தியைச் சொல்வது. பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி வெயிலில் காயவிட்டு ஏற்றிக்கொண்டே போவோம். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் விழ ஆரம்பிக்கும். அதைப் பின்பாத்திகளிலேயே விட்டுவிட்டு, 25 டிகிரி தொட்ட தண்ணீரை மட்டும் உப்புப் பாத்திக்குத் திறப்போம். அங்கேதான் உப்பு விளையும். காற்றில்லாத மதியத்தில் குனிந்து பார்த்தால் தண்ணீர்மேல் சதுரச் சதுரமாக மெல்லிய தகடு மிதக்கும். விளிம்பு வேகமாக வளர, நடுப்பகுதி கனத்தில் இறங்க, கொஞ்ச நேரத்தில் கவிழ்த்த கூடாரம் மாதிரி, உள்ளே படிக்கட்டு படிக்கட்டாக, குழிந்த ஒரு கல். விரல் பட்டால் உடனே முங்கிவிடும். காற்று அடிக்கிற நாளில் இந்தக் கூடாரம் நிற்காது, தண்ணீர் அலைந்து குறுமணியாகத்தான் கிடைக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மெதுவாக விட்டால் சுத்தமாக வரும் என்று பொதுவாக நினைக்கிறார்கள். உப்பளத்தில் அப்படிச் சும்மா விட்டால் கெட்டது. 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மக்னீசிய உப்புகளும் கூடவே வர ஆரம்பிக்கும், அந்த உப்பு கசக்கும், மழைக்காலத்தில் நசநசத்து ஒழுகும். அதனால் கசப்பு நீரை நேரத்தோடு வடித்துவிடுவோம். பொறுமை எவ்வளவு முக்கியமோ, எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவ்வளவு முக்கியம்.

நுண்நோக்கி

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. நான் ஒரே பொருள் மட்டும் கரைந்திருக்கிற பாட்டிலை மனதில் வைத்துச் சொன்னேன். கடல் தண்ணீரில் பல உப்புகள் முறை வைத்து இறங்குகின்றன. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வெட்டுவதுதான் உங்கள் தொழிலின் சூட்சுமம். மருந்து ஆலைகளிலும் படிகமாக்கித்தான் பெரும்பாலான மருந்துகளைச் சுத்தப்படுத்துகிறார்கள். படிக அடுக்கில் தன் வடிவத்துக்குப் பொருந்தாத துகளுக்கு இடம் கிடைக்காது, அது வெளியிலேயே நின்றுவிடும். வெளியே நிற்கும் கூட்டம் அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

வெள்ளியம்பலம்

கல்லூரி மாணவன். ஒரு சந்தேகம். உப்பும் படிகாரமும் இரண்டுமே கனசதுர அமைப்பு என்றுதான் படித்தேன். உப்பு சதுரமாக வருகிறது, படிகாரம் எட்டு முகமாக வருகிறது. ஏன்?

நுண்நோக்கி

அருமையான கேள்வி தம்பி. உள்ளே அடுக்கு எப்படி என்பது ஒன்று, வெளியே எந்த முகம் தெரிகிறது என்பது இன்னொன்று. ஒரு படிகத்தில் எல்லா முகமும் ஒரே வேகத்தில் வளராது. வேகமாக வளரும் முகம் முன்னால் ஓடி, சுருங்கிச் சுருங்கி ஒரு முனையாகவோ விளிம்பாகவோ மறைந்துவிடும். மெதுவாக வளர்கிற முகம்தான் கடைசியில் அகலமாக நிற்கும். நாம் கையில் எடுத்துப் பார்ப்பதெல்லாம் அந்தச் சோம்பேறி முகங்களைத்தான். உப்பில் சதுர முகம் மெதுவானது, படிகாரத்தில் முக்கோண முகம் மெதுவானது.

இந்த வேகத்தை மாற்றவும் முடியும். உப்புக் கரைசலில் யூரியா கலந்து வளர்த்தால் அதே உப்பு எட்டு முகமாக வரும். வெளியே உருவம் மாறினாலும் உள்ளே அடுக்கில் ஒரு மாற்றமும் இருக்காது.

அந்த அடுக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு கணக்கு. சோடியத்துக்கும் பக்கத்துக் குளோரினுக்கும் நடுவே 0.282 நானோமீட்டர். அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டர் உப்புக்கல்லின் ஒரு விளிம்பில் மட்டும் 35 லட்சம் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன.

காங்கேயம் கல்

ஸ்படிகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல் வியாபாரக் குடும்பம், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ், சிலிக்காவின் படிகம். கண்ணாடியிலும் சிலிக்காதான் பெரும்பகுதி, ஆனால் அதில் அணுக்களுக்கு வரிசை கிடையாது. உருகிய குழம்பு அடுக்குச் சேர நேரம் கிடைக்காமல் அப்படியே இறுகியது கண்ணாடி. கடைகளில் 'கிரிஸ்டல்' என்று விற்கும் பளபளப்பான கிண்ணங்களும் கண்ணாடியே.

உரசிப் பார்க்கச் சொல்வார்கள். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், உண்மைதான், ஆனால் மாலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் மணியைக் கன்னத்தில் வையுங்கள். குவார்ட்ஸ் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், அதனால் கண்ணாடியைவிடச் சில்லென்று இருக்கும், சில்லிப்பு நீடிக்கும். அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் அது கண்ணாடி.

நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, பிள்ளைக்கு மிகவும் பிடிக்கும். லேப்டாப் திரையை முழு வெள்ளையாக வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியே பார்த்தபடி அந்தக் கண்ணாடியைச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்த நிலையில் மணியைத் திரைக்கும் கூலிங் கிளாசுக்கும் நடுவே பிடித்து மெல்லத் திருப்புங்கள். குவார்ட்ஸ் என்றால் இருட்டுக்குள் மணி மட்டும் வெளிச்சமாக, வானவில் நிறங்களோடு தெரியும். வெறும் கண்ணாடி என்றால் பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும். கண்ணாடிக்குள் இறுக்கம் இருந்தால் இலேசாக மங்கல் ஒளி வரும், அதைக் கண்டு ஏமாற வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி மணியை அதில் மூழ்கவைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு.

செவ்வந்தி (மதுரை)

காங்கேயம் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது! பக்கத்து வீட்டில் கூலிங் கிளாஸ் வாங்கிப் பார்த்தோம். மாலையில் 54 மணி. 51 மணி வானவில் காட்டியது, மூன்று இருட்டாகவே இருந்தது. மாமாவிடம் கேட்டால், பல வருஷத்துக்கு முன் நூல் அறுந்தபோது மூன்று மணி தொலைந்து, கோக்கக் கொடுத்த இடத்தில் சேர்த்துத் தந்தார்களாம். அவருக்கும் இன்றுதான் தெரியும்.

ஸ்படிகத்திலிருந்து சக்தி வெளிப்பட்டு உடம்பைக் குணப்படுத்தும் என்று அவர் சொல்கிறார். அதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா?

நுண்நோக்கி

நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாமா மாலையை ஜபத்துக்கும் மன அமைதிக்கும் அணிகிறார் என்றால் அது அவருடைய நம்பிக்கை, அதில் நாம் நுழைய வேண்டாம். மருந்தை மட்டும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்ஸுக்கு உண்மையாகவே ஒரு மின்குணம் உண்டு. 1880-ல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தது அது. படிகத்தை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றும். மறுபக்கமாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் துளி நெளியும். சுவர்க் கடிகாரத்தின் உள்ளே சின்ன உருளையில், இசைக்கவை வடிவத்தில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. அது நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் ஒன்று வரும். அதுதான் நொடிமுள்ளின் ஒரு துடிப்பு. அழுத்தம் இல்லாமல் சும்மா கழுத்தில் கிடக்கும் மணியிலிருந்து எதுவும் வெளிவராது.

வெள்ளியம்பலம்

படிக அடுக்கு இப்படித்தான் இருக்கிறது என்று யார், எப்படிக் கண்டார்கள்? அணு கண்ணுக்குத் தெரியாதே.

நுண்நோக்கி

இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன், கொஞ்சம் நீளும்.

1912, மியூனிக். எக்ஸ் கதிர் அலையா துகளா என்று தெரியாத காலம். மாக்ஸ் ஃபொன் லௌவே ஒரு யோசனை சொன்னார். எக்ஸ் கதிர் அலையாக இருந்து, படிகத்தில் அணுக்கள் வரிசையாகவும் இருந்தால், அந்த வரிசையில் பட்டுச் சிதறும் அலைகள் சில திசைகளில் கூடும், சில திசைகளில் அழியும், ஃபோட்டோத் தகட்டில் புள்ளிப் புள்ளியாக விழும். ஃபிரீட்ரிச், க்னிப்பிங் இருவரும் செய்து பார்த்தார்கள். அவர்கள் முதலில் வைத்த படிகம் என்ன தெரியுமா? மயில்துத்தம். உரக்கடையில் போர்டோ கலவைக்கு வாங்குகிறோமே, அதே நீலக்கல். புள்ளிகள் விழுந்தன.

அடுத்த வருடமே இங்கிலாந்தில் லாரன்ஸ் பிராக் அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்குப் போட்டார். முதலில் அவிழ்ந்தவற்றில் ஒன்று நம் பாத்திக்காரர் அண்ணனின் சாப்பாட்டு உப்பு. அப்பாவும் மகனுமாக 1915-ல் நோபல் பரிசு வாங்கியபோது மகனுக்கு வயது 25. உப்புக்குள் சோடியம் குளோரைடு என்று தனித்தனி மூலக்கூறே இல்லை, ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று அவர் சொன்னதை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் 1927-ல்கூட நேச்சர் இதழுக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். சதுரங்கப் பலகை மாதிரி அடுக்கை அவரால் தாங்க முடியவில்லை.

அப்புறம் உயிர்ப்பொருள்கள் பக்கம் திரும்பினார்கள். டோரதி ஹாட்ஜ்கின் 1935-ல் இன்சுலின் படிகத்தை முதன்முதலாகப் படமெடுத்தார். அமைப்பு முழுதாகக் கிடைத்தது 1969-ல். முப்பத்து நாலு வருஷம்! இடையில் பெனிசிலினையும் பி12 வைட்டமினையும் அவிழ்த்து 1964-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார், ஆனால் இன்சுலினை அவர் விடவில்லை.

சென்னையிலும் இந்த வேலை நடந்தது. ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் கொலாஜனின் முப்புரி அமைப்பை முன்வைத்தார். தோல், எலும்பு, தசைநாரையெல்லாம் தாங்கிப்பிடிக்கும் புரதம் அது. அது கனமான படிகமாகக் கிடைக்காது, நாராகத்தான் கிடைக்கும். நாரின் எக்ஸ் கதிர்ப் படம் மங்கல், புள்ளிகள் குறைவு. அதை வைத்துக்கொண்டு, மூன்று இழைகள் கயிறு போல முறுக்கியிருக்கின்றன, ஒவ்வொரு இழையிலும் மூன்று அமினோ அமிலத்துக்கு ஒன்று கிளைசினாக வருவது அதனால்தான் என்று கண்டுகொண்டார். முறுக்கின் நடுவில் கிளைசினைத் தவிர வேறு எதற்கும் இடம் இல்லை. 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் அவர் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலகில் எந்தப் புரத அமைப்பு வெளியானாலும் சரிபார்க்கப் பயன்படுகிறது. மேசைமேல் மாதிரிகளைச் சுழற்றி, எந்தெந்தக் கோணத்தில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு வந்தது அது. அந்தப் பெயர்களை நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நானும் சில வருடம் புரதப் படிகம் வளர்த்தேன். கண்ணாடித் தகட்டில் ஒரு மைக்ரோலிட்டர் புரதம், ஒரு மைக்ரோலிட்டர் உப்புக்கரைசல். துளியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, கீழே குழியில் அதே உப்புக்கரைசலை வைத்து மூடிவிடுவோம். துளியிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்லக் குழிக்குப் போகும், துளி செறியும். 24 குழி கொண்ட தட்டுகள், நூற்றுக்கணக்கில். நாலு மாதம் ஒன்றும் இல்லை. ஒருநாள் நுண்ணோக்கியில் அழகான ஊசி ஊசியாகப் படிகங்கள். மெல்லிய ஊசியால் தொட்டேன், 'டிக்' என்று உடைந்தது. உப்பு. புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான், தொட்டால் அல்வா மாதிரி நசுங்கும். ஏழாவது மாதம் ஒரு துளியில் தொட்டது நசுங்கியது. அன்றைக்கு ஆய்வகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

செவ்வந்தி (மதுரை)

படித்துக் காட்டினேன். 'ஏழு மாசமா அம்மா?' என்று கேட்டாள். இன்சுலின் கணக்கைச் சொன்னதும் பேசாமல் போய்ப் பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு சிக்கல். விதைக்கல் அழகாக வந்தது, சின்னதாக எட்டு முகத்தோடு. தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டு, மூன்று நாளில் மிளகளவு ஆனது. நேற்று மதியம் மூன்று மணிக்குப் பார்த்தால் நரம்பு மட்டும் தொங்குகிறது, கல்லைக் காணவில்லை! ராத்திரி அடியில் பொடி படிந்திருக்கிறது. அழுதுவிட்டாள். இன்னும் 15 நாள்தான்.

உடன்குடிக்காரி

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இது எங்களுக்குத் தெரிந்த விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

கல் எங்கும் போகவில்லை, மதியச் சூட்டில் திரும்பக் கரைந்துவிட்டது. ராத்திரி குளிர்ந்ததும் அடியில் பொடியாக இறங்கியிருக்கிறது. மாடியோரத்து அறையில் வைத்தீர்களா?

எங்கள் வீட்டில் பனங்கற்கண்டு போடுவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைத் தெளியவைத்து, காய்ச்சி, பாகு பதம் வந்ததும் நூல் கோத்த பாத்திரத்தில் ஊற்றுவோம். ஊற்றின பிறகுதான் உண்மையான வேலை. சாக்கு சுற்றி, வைக்கோல் திணித்து, இருட்டு அறையில் ஒரு மாதத்துக்கும் மேலே வைத்துவிடுவார்கள். ஆச்சி அந்த அறைக் கதவை எங்களைத் தடாலென்று சாத்தக்கூட விடமாட்டார்கள், பாத்திரம் அதிர்ந்தால் கல் 'மணல்பட்டுவிடும்' என்பார்கள். திறக்கிற அன்று பாகை வடித்துவிட்டு நூலைத் தூக்கினால் பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகத் தொங்கும். நூலில் பிடித்தது பெருங்கல், பாத்திரச் சுவரில் பிடித்தது சிறுசு.

நீங்களும் சுற்றி வையுங்கள். சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

நுண்நோக்கி

ஆச்சி சொன்னது அப்படியே அறிவியல் அக்கா. அதிர்ச்சியும் கரு உண்டாக்கும்.

செவ்வந்தி அக்கா, மீன் வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்று வாங்குங்கள். உள்ளே ஒரு வாளித் தண்ணீர், அதற்குள் பாட்டில். அவ்வளவு தண்ணீர் சட்டென்று சூடேறாது. மூடியில் சின்னத் துளை மட்டும் போடுங்கள், பாட்டில் நீர் மெதுவாக ஆவியாக வேண்டும். வீட்டின் நடு அறையில் வையுங்கள். அடியில் இறங்கிய பொடியை வடிகட்டி எடுத்துவிட்டு, புது விதைக்கல்லோடு ஆரம்பியுங்கள். 15 நாள் போதும்.

பாத்திக்காரர் (தூத்துக்குடி)

பாப்பாவிடம் சொல்லுங்கள், எங்களுக்கு ஒரு கோடை மழை வந்தால் பாத்தி முழுக்கக் கரைந்து போகும். மறுநாள் திரும்பத் தண்ணீர் கட்டுவோம்.

செவ்வந்தி (மதுரை)

இன்று காலை எடுத்தோம். கண்காட்சி நாளைக்கு. நகைக்கடைத் தராசில் 2.6 கிராம். முனைக்கு முனை 21 மில்லிமீட்டர். எட்டு முகத்தில் ஏழு முகம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பின்னால் வைத்த எழுத்தை வாசிக்க முடிகிறது. ஒரு முனை மட்டும் கூராக இல்லாமல் தட்டையாக இருக்கிறது. அது ஏன்? நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கேட்கிறாள்.

நுண்நோக்கி

அந்த முனை பாட்டிலின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். தொட்ட இடத்துக்குக் கரைசல் போகாது, அதனால் அங்கே வளரவில்லை. அப்படியே சொல்லச் சொல்லுங்கள். எடுத்ததும் டிஷ்யூ தாளில் ஒற்றி, நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏசி அறையில் வைத்தால் மேலே வெள்ளை பூக்கும்.